காதில் கருவி இருக்கட்டும். கடைப் பேச்சு கடையில் இருக்கட்டும்



மரக்காணம் வட்டாரத்தில் இரு சக்கர வண்டி இல்லாத மளிகைக் கடை இன்று அரிது. கொள்முதலுக்குத் திண்டிவனம், வசூலுக்குப் புதுச்சேரி, லைன் சரக்குப் போடக் கடலோரக் குப்பங்கள் என்று நாளெல்லாம் வண்டி ஓடுகிறது. வண்டி ஓடும் நேரமெல்லாம் தொலைபேசியும் ஒலிக்கிறது. எடுக்காவிட்டால் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் நமக்கு. கன்னத்துக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே செல்போனைச் செருகிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடி ஓட்டும் காட்சி இந்த அச்சத்தால் வந்ததுதான்.

இதற்கு மாற்றாக ஹெல்மெட்டில் பொருத்தும் இன்டர்காம் என்ற கருவி இப்போது பரவலாகக் கிடைக்கிறது. புளூடூத் மூலம் செல்போனுடன் இணைந்து, பாட்டையும் அழைப்பையும் வழி சொல்லும் குரலையும் காதருகே கொண்டுவரும். கொரியாவின் சேனா, இஸ்ரேலின் கார்டோ, பெங்களூரின் புளூஆர்மர் எனப் பல நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன. ஆயிரம், இரண்டாயிரத்திலும் கிடைக்கிறது. முப்பதாயிரத்தைத் தாண்டியும் விற்கிறது. எதை வாங்குவது என்று கேட்கும் உறுப்பினர்கள் சரக்குக் கொள்முதலில் காட்டும் அதே கண்டிப்பை இதிலும் காட்ட வேண்டும்.

முதலில் ஹெல்மெட், பிறகுதான் கருவி. 2021 ஜூன் 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டைத் தயாரிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. சாலையோரத்தில் விற்கும் மலிவுத் தொப்பியில் ஐயாயிரம் ரூபாய்க் கருவியை மாட்டுவது, ஓட்டைச் சாக்கில் பாசுமதி அரிசியைக் கொட்டுவது போன்றது. ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் தெர்மாகோல்தான் அடியை வாங்கிக்கொள்ளும் பாகம். ஒலிபெருக்கி உட்காரவில்லை என்று அதைச் சுரண்டவோ வெட்டவோ கூடாது. காதுப் பக்கம் பள்ளம் உள்ள ஹெல்மெட்டாகப் பார்த்து வாங்குவதே முறை.

இரண்டாவது, தேவைக்கு மேல் விலை கொடுக்க வேண்டாம். விலை உயர்ந்த கருவிகளில் 'மெஷ்' என்ற வசதி உண்டு. கூட்டமாகப் பயணம் போகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதற்கானது அது. தனியாகச் சரக்குப் போடப் போகிறவருக்கு அதனால் பயனில்லை. செல்போனுடன் மட்டும் இணையும் எளிய கருவியே நமக்குப் போதும்.

மூன்றாவது, மைக். முகம் திறந்த ஹெல்மெட் என்றால் தண்டுடன் வாயருகே நீளும் மைக் வேண்டும். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட் என்றால் தாடைப் பகுதியில் ஒட்டும் சிறிய மைக் சரியாக இருக்கும். மாற்றி வாங்கினால் மறுமுனையில் கேட்பவருக்குக் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும். பொத்தான்கள் பெரியவையாக, பார்க்காமலே விரல் தடவி அழுத்தக்கூடியவையாக இருக்க வேண்டும்.

நான்காவது, நம் ஊருக்கே உரிய சங்கதி. கடை ஷட்டரும் தராசும் எடைக்கற்களும் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை உப்பளக் காற்றில் வாழும் நமக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கருவியின் பெட்டியில் 'ஐ.பி. 67' என்று போட்டிருப்பார்கள். இதில் 6 என்பது தூசு புகாது என்பதற்கும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பதற்கும் அடையாளம். ஆனால் அந்தச் சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். உப்புக் காற்றுக்கான சோதனை வேறு. எனவே அந்த எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. சார்ஜ் போடும் துளைக்கு இறுக்கமான ரப்பர் மூடி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள். உத்தரவாதச் சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம்.

கை விடுபட்டால் ஆபத்து விலகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு, தொலைபேசியில் பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்றது. கையில் பிடித்துப் பேசினாலும், பிடிக்காமல் பேசினாலும் அந்த ஆபத்து இருந்தது. அவர்கள் கார் ஓட்டியவர்கள். அவர்களைச் சுற்றி இரும்புக் கூடு இருந்தது. நம்மைச் சுற்றி இருப்பது சட்டை மட்டுமே.

காரணம் எளிது. பாட்டு காதில் விழுந்துகொண்டே இருக்கும்; வேண்டாதபோது மனம் அதை விட்டுவிடும். வியாபாரப் பேச்சு அப்படி விடாது. பருப்பு மூட்டை என்ன விலை, பழைய பாக்கி எவ்வளவு, எண்ணெய் டின் எத்தனை என்று கேட்டால் மனம் கணக்கில் இறங்கிவிடும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 5 விநாடியில் 80 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். இரு புறமும் உப்பளம் விரிந்த கிழக்குக் கடற்கரைச் சாலையில், பக்கவாட்டில் கடற்காற்று தள்ள, பின்னால் சென்னைப் பேருந்து விரைந்து வர, அந்த 80 மீட்டரைக் கண் பார்த்தும் மனம் பாராமல் கடப்பது என்ன வியாபாரம்?

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், கையில் பிடித்த தகவல் கருவியைப் பயன்படுத்தி ஓட்டுவதை ஆபத்தான ஓட்டுதல் என்று வகைப்படுத்தி, முதல் முறைக்கே ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கிறது. கையில் பிடிப்பதைத்தானே சொல்கிறது, காதில் மாட்டுவதைச் சொல்லவில்லையே என்று வாதாடுவோர் உண்டு. சட்டத்தில் சந்து தேடலாம். எதிரே வரும் லாரியிடம் தேட முடியாது.

ஆகவே கருவியைப் பாட்டுக்கும் வழி கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பின்னால் வரும் ஹாரன் கேட்கும் அளவுக்குக் குறைந்த ஒலியில். அழைப்பைத் தானாக எடுக்கும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். அழைப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திப் பேசுங்கள். வண்டியில் இருக்கிறேன் என்று தானாகவே பதில் அனுப்பும் வசதி இப்போது பல செல்போன்களில் இருக்கிறது. அதைப் போட்டு வைத்தால் வாடிக்கையாளரும் புரிந்துகொள்வார்.

இன்னொரு பக்கத்தையும் பேசியாக வேண்டும். வண்டியில் போகும் பையனை அழைப்பது யார்? பெரும்பாலும் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம்தான். "எங்கே இருக்கிறாய், இன்னும் வரவில்லையா" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கிறோம். முதலாளியின் அழைப்பை எடுக்காமல் விட எந்தப் பையனுக்குத் துணிவு வரும்? அவனுக்குக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டு, அதனாலேயே அடிக்கடி அழைத்தால், உதவி என்று கொடுத்தது கயிறாகிவிடும். வேலையின்போது வேலை காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923 முதலே நம் நாட்டுச் சட்டத்தில் உள்ள கோட்பாடு. ஆனால் இழப்பீடு கொடுத்து ஒரு வீட்டின் விளக்கை மீண்டும் ஏற்றிவிட முடியாது.

எனவே ஒரு யோசனை. லைனுக்குப் புறப்படுமுன்பே அன்றைய ஆர்டர்களை வாங்கி எழுதிவிடுவோம். வழியில் எந்தெந்தக் கடையில் நின்று பேசுவது என்று இடம் குறித்துக் கொடுப்போம். அந்த இடங்களிலிருந்து அவனே நம்மை அழைக்கட்டும். இடையில் நாம் அழைக்க வேண்டாம். மொத்த வியாபாரிகளும் சில்லறை வியாபாரிகளும் கூடும் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகவே நிறைவேற்றலாம். ஒரு கடை மட்டும் செய்தால் ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சம் இருக்கும். ஊரே செய்தால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. சங்கம் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தானே?

அரை மணி நேரம் தாமதமானால் ஆர்டர் நாளைக்கு வரும். சரக்குப் போடப் போன பிள்ளை மாலையில் வீடு திரும்ப வேண்டும். அதுதான் அன்றைய முதல் வரவு.