பார்வைக் கல்லூரியும் ஆராய்ச்சியும்

கண்ணைப் பரிசோதித்துத் தக்க கண்ணாடி எழுதிக் கொடுக்கக் கற்றுவிட்டால் ஆப்டோமெட்ரி மாணாக்கனுடைய கல்வி முற்றுப்பெற்றது என்பது நம்மவருட் பலர் கொண்டுள்ள எண்ணம். ஆராய்ச்சி என்பது பெரிய மருத்துவசாலைகளுக்கே உரிய காரியமென்றும், பாடம் நடத்தலும் நோயாளிகளைப் பார்த்தலுமே கல்லூரிக்குப் போதுமென்றும் ஆசிரியர் சிலரும் கூறுவர். இவ்வெண்ணம் மாறவேண்டும் என்பதே யாம் ஈண்டு எடுத்துரைக்கக் கருதியது.

மதுரையைச் சார்ந்து வாழும் நாம் இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்று கண் மருத்துவராய் விளங்கிய டாக்டர் வெங்கடசாமி, அரசாங்க உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றபின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அம்மருத்துவமனையைச் சார்ந்தோர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சிற்றூர்களில் 15,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆராய்ச்சி 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிற்றளவு வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே மரணம், அதனைப் பெறாதாரிடையே கண்டதிற் பாதியளவினும் குறைந்திருந்தது. கண்ணைக் காக்குமென்று கருதிய மருந்து உயிரையுங் காத்ததென்று உலகம் அறிந்தது. அவ்வறிவுக்கு வேண்டியிருந்தவை விலையுயர்ந்த யந்திரங்கள் அல்ல. வாரந்தவறாது வீடுதோறும் சென்ற ஊழியரும், பிழையற எழுதப்பெற்ற கணக்குமே அதனை ஈட்டித்தந்தன.

இனி, கண்ணாடியைப் பற்றியதொரு சான்று காண்போம். நாற்பது வயதைக் கடந்தார்க்கு வரும் வெள்ளெழுத்தை மூப்பின் இயல்பென்று விட்டுவிடுதல் நம் நாட்டு வழக்கம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் அவ்வயதினரான தொழிலாளர் 751 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினர்க்குத் தொடக்கத்திலேயே கண்ணாடி அளித்து, இருசாராரும் நாள்தோறும் பறித்த இலையை நிறுத்துப் பார்த்தனர். 2018-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின்படி, கண்ணாடி பெற்றோருடைய பறிப்பின் உயர்வு மற்றையோருடையதினும் ஏறத்தாழ 22 சதவிகிதம் மிகுதி. ஒரு கண்ணாடியும் ஒரு தராசும் தந்த விடை இது.

நிற்க. ஆராய்ச்சியென்றால் எப்பொழுதும் புதியதொரு நன்மையைக் கண்டுபிடித்தலே என்று மயங்கலாகாது. பாக்டீரியாவினால் உண்டாகும் கருவிழிப் புண்ணுக்கு ஸ்டிராய்டுச் சொட்டும் சேர்த்தல் நலமோ என்பது மருத்துவரிடையே நெடுநாள் வழக்காயிருந்தது. அரவிந்த் மருத்துவமனையினரும் அமெரிக்க அறிஞரும் கூடி 500 நோயாளிகளிடம் சோதித்து, மூன்று மாத முடிவில் பொதுவாகப் பார்வையில் வேற்றுமை இல்லையென 2012-இல் அறிவித்தனர். ‘இல்லை’ என்பதும் விடையே. அதனை மறையாது வெளியிடுந் துணிவும் கல்வியின் ஒரு கூறாகும்.

அங்ஙனமாயின், ஒரு பார்வைக் கல்லூரி எங்கே தொடங்குவது? நாகமலைப் புதுக்கோட்டையினின்று சுற்றிப் பார்ப்போமாக. மதுரையின் புறங்களில் மல்லிகை தொடுத்துப் பிழைக்கும் மகளிர் பலர். அவருள் வெள்ளெழுத்து உற்றார்க்குக் கண்ணாடி அளிப்பின் நாளொன்றுக்குத் தொடுக்கும் பூ மிகுமா? பள்ளியிற் கண்ணாடி பெற்ற சிறுவர் ஆறு திங்கள் கழித்தும் அதனை அணிகின்றனரா? அணியாரெனின் காரணம் வறுமையா, ஏளனமா, பெற்றோர் அச்சமா? இவ்வினாக்களுக்கு விடை காண மாணாக்கர்க்கு வேண்டுவன சைக்கிளும், குறிப்புப் புத்தகமும், பொறுமையுமே.

ஆயினும் கல்லூரி செய்யவேண்டுவன சில உள. முதலாவது, அங்கு வரும் ஒவ்வொருவருடைய கண் அளவும் ஒரே முறையில் எழுதிக் காக்கப்பெறல் வேண்டும்; முறையற்ற ஏட்டினின்று எவ்வுண்மையும் பிறவாது. இரண்டாவது, ஆசிரியர் ஒருவர்க்கேனும் வாரத்தில் ஒரு நாள் வகுப்பினின்று ஓய்வளித்தல் வேண்டும். மூன்றாவது, கணக்கியல் வல்லாரைத் தொடக்கத்திலேயே துணைகொள்ளல் வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நமக்கு அண்மையிலன்றோ இருக்கின்றது! நான்காவது, ஆராய்ச்சிக்கு உட்படுவார் எழுத்தறியாதவராயினும் அதன் பயனையும் இடரையும் அவர்க்கு விளங்க உரைத்து, உடன்பாடு பெற்று, ஒழுக்க நெறிக் குழுவின் இசைவோடு நடத்தல் வேண்டும்.

பொருளில்லை, பொழுதில்லை என்பார்க்கு யாம் கூறுவது ஒன்றே. பெருங்கருவிகளை வாங்கி உறையிட்டு வைத்தலும், பதவி உயர்வுக்காகக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெருக்குதலும் பொருளையும் பொழுதையும் வீணாக்குவனவே. ஆண்டுக்கு ஒரு வினாவை எடுத்து அதனை நேர்மையாக முடிக்கும் கல்லூரி, பத்தாண்டுகளில் பத்து விடைகளையும், வினவக் கற்ற பத்து வகுப்பு மாணாக்கரையும் நாட்டுக்கு அளித்திருக்கும். வினவக் கல்லாத மாணாக்கன், பிறர் ஆக்கிய கண்ணாடியைப் பிறர் வகுத்த விதிப்படி விற்பவனாகவே காலங்கழிப்பான். அவனை நம்பி வரும் சிற்றூர் மக்களுடைய குறைகளும் எவராலும் வினவப்படாமலே கிடக்கும். இவ்விரண்டனுள் எதனை விரும்புவதென்று ஆசிரியர்களும், மாணாக்கர்களும், இக்கலையில் தேர்ந்து வெளிச்சென்றுள்ள பழைய மாணவர்களும் சிந்தித்துத் துணிவார்களாக.