சம்பளத் தேதியில் மட்டும் வரும் இரக்கம்

ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அந்தச் சாலைக்கு ஓசூர் ரோடு என்றுதான் பெயர். பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, மடிவாளா என்று நேராகப் போய் டெய்ரி சர்க்கிளைக் கடந்தால் கித்வாய் நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை. நம் ஊரான ஓசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். வழியிலேயே நாராயணா மருத்துவமனை இருக்கிறது, கொஞ்சம் விலகிப் போனால் செயின்ட் ஜான்ஸ் இருக்கிறது. தளியிலோ பேரிகையிலோ கெலமங்கலத்திலோ ஒரு தாய் "கித்வாய்க்கு எழுதிக் குடுத்துட்டாங்க" என்று சொன்னால் அதற்குமேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை. எல்லாருக்கும் புரிந்துவிடும்.

புரிந்த பிறகு நாம் என்ன செய்தோம் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாம் என்று நான் சொல்வது சிப்காட் தொழிற்பேட்டையில் இருபது வருடம் வேலை பார்த்து வீடு கட்டியவர்களை, சின்னப் பட்டறை நடத்துகிறவர்களை, ரோஜா ஏற்றுமதி செய்கிறவர்களை, மனை விற்றுச் சம்பாதித்தவர்களை, சங்கப் பொறுப்பில் இருந்தவர்களை. என்னையும் சேர்த்துத்தான்.

நாம் கஞ்சர்கள் இல்லை. சம்பளம் ஏறிய மறுநாள் கேட் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைப்பார்கள். அதன்மேல் டாக்டர் சீட்டின் ஜெராக்ஸ், பிள்ளையின் பாஸ்போர்ட் சைஸ் படம், இப்போதெல்லாம் கூடவே ஒரு கியூஆர் கோடு. ஏ ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்கள் நூறும் இருநூறும் போடுவார்கள். ஐநூறை நாலாக மடித்து, பக்கத்திலிருப்பவன் பார்க்காமல் உள்ளே தள்ளுகிறவர்கள் உண்டு. சாயங்காலத்துக்குள் கணிசமான தொகை சேர்ந்துவிடும். அப்பாவின் கையில் கொடுப்போம், அவர் கும்பிடுவார், ஒருவர் படம் எடுப்பார். அத்தோடு அந்தப் பிள்ளை நம் கணக்கிலிருந்து போய்விடும். அடுத்த மாதம் பெட்டி கிடையாது. அடுத்த வருடம் "அந்தப் பையன் எப்படி இருக்கான்?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த ஆள் இருக்கமாட்டார்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது ரத்தப் புற்றுநோய். அதிலும் ஏ.எல்.எல். என்று சுருக்கிச் சொல்லும் வகை. அதற்கான சிகிச்சை ஏறக்குறைய இரண்டரை வருடம் நடக்கும். முதல் மாதம் ஆஸ்பத்திரியே கதி. அடுத்த ஆறேழு மாதம் கடுமையான கீமோ. அதன்பிறகு இரண்டு வருடம் போல, மெயின்டெனன்ஸ் என்று சொல்லும் காலம்: வீட்டிலேயே தினமும் ஒரு மாத்திரை, வாரம் ஒருமுறை இன்னொரு மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை, டாக்டரைப் பார்க்க பெங்களூருக்கு ஒரு நடை. நம் பெட்டி திறப்பது முதல் மாதத்தில். மருந்துக்கும் படுக்கைக்கும் அரசுக் காப்பீடு ஓரளவாவது கைகொடுக்கும் மாதம் அது. எந்தக் காப்பீட்டிலும் வராத செலவெல்லாம் அதற்குப் பிந்தைய இரண்டு வருடத்தில் இருக்கிறது. பஸ், சாப்பாடு, வாடகை அறை, போன சம்பளம். அந்த இரண்டு வருடத்தில் நாம் எங்குமே இல்லை.

போன சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிரந்தரத் தொழிலாளிக்கு சி.எல். இருக்கிறது, மெடிக்கல் லீவு இருக்கிறது, கேட்டால் அட்வான்ஸும் கிடைக்கும். அவருக்குப் பக்கத்து மிஷினில் அதே வேலையைச் செய்யும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை. மாதத்தில் எட்டு நாள் வராதவனைக் காண்ட்ராக்டர் அடுத்த மாதம் கூப்பிடமாட்டார். பெயர் விட்டுப்போனால் ஈ.எஸ்.ஐ. சந்தாவும் நின்றுபோகும். பிள்ளைக்காக லீவு போட்டவன், பிள்ளைக்கு இருந்த பாதுகாப்பையே அந்த லீவினால் இழக்கிறான். இது நமக்குத் தெரியாத விஷயமில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி வேலை பார்க்கிறவர்களுக்கு இப்படி ஒன்று வந்தால் யாரிடம் போய் நிற்பார்கள் என்று நாம் யோசித்ததும் இல்லை. அவர்களுடைய பிள்ளையின் படம் நம் பெட்டிமேல் ஒட்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

கீமோ நடக்கும்போது வெள்ளையணு இறங்கிவிடும். "கவுண்ட் இல்லை" என்பார்கள் தாய்மார்கள். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆஸ்பத்திரியை எட்டிய ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏறிவிட வேண்டும் என்பது விதி. இப்போது அஞ்செட்டிப் பக்கத்து ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவு பதினொரு மணி. அப்பா பி ஷிப்ட் முடிந்து இன்னும் வந்து சேரவில்லை. அம்மா தெர்மாமீட்டரை எடுத்து விளக்கடியில் பிடித்துப் பார்க்கிறாள். 101. ஒரு வாடகை கார் கூப்பிட வேண்டும், இரவு நேரத்தில் மலைப்பாதை வழியாக தேன்கனிக்கோட்டை, ஓசூர், அத்திப்பள்ளி என்று பெங்களூர் போய்ச் சேர வேண்டும். டிரைவர் கேட்கும் தொகை கையில் இல்லை. "காலைல பாத்துக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். அந்தக் காலைக்குள் எத்தனையோ பிள்ளைகள் போயிருக்கிறார்கள். புற்றுநோயால் அல்ல, காய்ச்சலால்.

இந்த ஊரில் கார்களுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு கம்பெனியிலும் டிராவல்ஸ் ஒப்பந்தம் இருக்கிறது, இரவு முழுக்க வண்டி ஓடுகிறது. காய்ச்சல் என்று போன் வந்தால் வாடகை பேசாமல் ஒரு வண்டி கிளம்பும் என்கிற ஓர் ஏற்பாட்டை இத்தனை வருடத்தில் நாம் செய்யவில்லை. 2022-ல் கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெங்களூர் டாக்டர் எழுதிய சீட்டைக் காட்டினால் முதல் டோஸ் ஊசியை மாவட்டத்துக்குள்ளேயே போட்டு அனுப்ப ஒரு வழிமுறை வேண்டும் என்று நம் சங்கங்களில் ஒன்றாவது மனு கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. ரோட்டுக்கு மனு கொடுத்திருக்கிறோம், மெட்ரோவை ஓசூர்வரை நீட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

அந்த வீடுகளுக்குள் போய்ப் பார்த்திருந்தால் இன்னும் சில தெரிந்திருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் பிள்ளைக்குப் பசி அடங்காது. விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்து சோறு கேட்கும். அம்மா அடுப்பைப் பற்றவைத்துச் சூடாகச் சமைத்துத்தான் கொடுக்க வேண்டும், பழையது கூடாது. முகம் உப்பிவிடும். தெருவில் பார்க்கிறவர்கள் "நல்லா தேறிட்டானே" என்பார்கள். தேறிவிட்டான் என்று நாம் சொல்லச் சொல்ல, வீட்டுக்காரர்களுக்கும் இனிமேல் எதற்குப் போக வேண்டும் என்று தோன்ற ஆரம்பிக்கும். மெயின்டெனன்ஸ் காலத்தில் பிள்ளை ஓடியாடும், முடி முளைத்திருக்கும், கடன் மட்டும் குறைந்திருக்காது. அப்போதுதான் பாதியில் நிற்கிறது சிகிச்சை. நின்ற பிறகு திரும்பி வரும் நோய் முன்னைவிட மோசமாக வரும்.

உலகத்தில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பிள்ளைகளுக்கும் இளம்பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்கார நாடுகளில் 80 சதவிகிதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் 30 சதவிகிதத்துக்கும் கீழே. காரணங்களில் தாமதமாகக் கண்டுபிடிப்பது ஒன்று, மருந்து கிடைக்காதது ஒன்று, பாதியில் விடுவது ஒன்று. இந்தக் கடைசிக் காரணத்துக்கு மருத்துவத்தில் மருந்து கிடையாது. அதற்கான மருந்து அக்கம்பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

அக்கம்பக்கம் கொடுத்தது என்ன? "மாசமா இருக்கும்போது என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டோம். அநேகமாக எந்தப் பிள்ளையின் புற்றுநோய்க்கும் தாய் தின்றதோ தின்னாததோ காரணமில்லை. அந்தக் கேள்வியை அந்தப் பெண் சாகும்வரை சுமப்பாள். ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை என்று தெரிந்தும் நம் பிள்ளைகளை விளையாட அனுப்பவில்லை. பிள்ளை இறந்துபோன வீட்டுக்குப் பதினாறாம் நாளுக்குப் பிறகு யாரும் போகவில்லை. அவர்களுக்கு மிச்சமிருந்த கடனை யார் கட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது.

இனி ஆராய்ச்சி. இந்தச் சொல்லைக் கேட்டதும் அது அமெரிக்காக்காரன் வேலை, நாம் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் அதன் வரலாற்றில் நம் வாசல் இருக்கிறது. பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் இருந்தபோது உருவான அமினோப்டெரினைத்தான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 பிள்ளைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வந்தது, ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அந்த மருந்தின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டைத்தான் நம் பிள்ளைகள் வாரம் ஒருமுறை விழுங்குகிறார்கள். வின்கிறிஸ்டின் ஊசி நித்தியகல்யாணிச் செடியிலிருந்து வந்தது. நம் சுடுகாட்டோரத்தில் பூத்துக் கிடக்கும் அதே செடி.

அதே 1948 மே மாதம் ஒரு வானொலி நிகழ்ச்சியில், ஃபார்பரிடம் சிகிச்சை பெற்ற பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனை ஜிம்மி என்ற மாற்றுப் பெயரில் பேச வைத்தார்கள். பேஸ்பால் பார்க்க ஒரு டெலிவிஷன் பெட்டி வேண்டும் என்றான். ஜனங்கள் அனுப்பிய சில்லறையே 2 லட்சம் டாலரைத் தாண்டியது. அது அன்றோடு நிற்கவில்லை. ஜிம்மி நிதி இன்றுவரை நடக்கிறது. நம் பெட்டியும் ஜனங்களின் சில்லறைதான். அது மறுநாளே மடித்துக் குப்பையில் போடப்படுகிறது.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் நிலையத்தைத் திறந்தபோது 12 படுக்கைகள், கிருஷ்ணமூர்த்தி, சாந்தா என்று இரண்டு டாக்டர்கள். ஊர் ஊராகக் கேட்டு வாங்கிய பணத்தில் வளர்ந்தது அது. 1960-ல் பிள்ளைகளுக்கென்று தனி வார்டு தொடங்கினார்கள், நாட்டிலேயே முதலாவதாக. 1980-களில் அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்ற சிகிச்சைமுறையை நம் பிள்ளைகளுக்காக வகுத்து நடத்தின. பின்னாளில் அடையாறும் கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரும் உட்பட சில மருத்துவமனைகள் ஐசிகிள் என்ற கூட்டாய்வைத் தொடங்கின. நம் நாட்டில் நோயைத் தாண்டி, சிகிச்சையின்போது வரும் தொற்றிலும் பிள்ளைகள் இறக்கிறார்கள். எடை குறைந்த பிள்ளை எவ்வளவு கீமோ தாங்கும், எதைக் குறைத்தாலும் குணமாகும், யாருக்கு எதைக் குறைக்கக் கூடாது என்ற கேள்விகளுக்கு பாஸ்டன் பதில் தேடித் தராது. இங்கேதான் தேட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பிள்ளையையும் வருடக்கணக்கில் தொடர்ந்து கணக்கு வைக்கும் ஊழியர் வேண்டும், பரிசோதனைக்கூடம் வேண்டும், அதற்கெல்லாம் பணம் வேண்டும். குழந்தையின் முகம் ஒட்டாத பெட்டியில் நாம் பணம் போட்டதில்லை.

நம் பையைத் தாண்டியும் பணம் இருக்கிறது. கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு 2014 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாங்கள் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். மருத்துவ ஆராய்ச்சிக்கும் அதில் இடம் உண்டு. என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எச்.ஆர். ஆட்கள் நம்மிடம் வரத்தான் செய்கிறார்கள். பஸ் ஷெல்டர், பள்ளிக்கு பெஞ்சு, ஆர்.ஓ. தண்ணீர் என்று சொல்லி அனுப்பினோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கேட்க வேறும் இருந்தது. கித்வாயில் நோயாளிகளின் குடும்பங்கள் தங்க இன்ஃபோசிஸ் அறக்கட்டளை தர்மசாலை கட்டிக் கொடுத்தது. 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் அமைப்பு, சிகிச்சைக்கு வரும் பிள்ளைகளின் குடும்பத்துக்கு இலவசமாகத் தங்க இடம் தருகிறது, சென்னையிலும் வேலூரிலும்கூட. ஓசூர் ரோட்டின் இந்த முனையில் இருக்கும் நாம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஓர் அறை பிடித்துக் கொடுத்ததில்லை. காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்தில், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், என்ன சீட்டு வேண்டும் என்று விசாரித்துச் சொல்ல ஓர் ஆளை நியமித்ததில்லை. பி.எஃப். பாரத்தை ஒரு எழுத்துப் பிழையில்லாமல் நிரப்பத் தெரிந்த எத்தனை பேர் நம்மிடம் இருக்கிறார்கள்!

ரத்தம் கொடுப்பதில் நமக்குப் பெருமை அதிகம். நிறுவனர் நாளில் முகாம், ஒரே நாளில் நூற்றுக்கணக்கான யூனிட், சான்றிதழ், பழச்சாறு. பிளேட்லெட் ஐந்து நாளைக்குமேல் நிற்காது. கீமோவில் இருக்கும் பிள்ளைக்கு அது எந்த வாரம் தேவைப்படும் என்று சொல்ல முடியாது. வருடத்தில் ஒருநாள் முந்நூறு பேர் வருவதைவிட, வாரம் ஆறு பேர் முறைவைத்து பெங்களூர் போய் ஒன்றரை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து பிளேட்லெட் மட்டும் கொடுத்துவிட்டு வருவது அந்த வார்டுக்கு உதவும். ஷிப்ட் அட்டவணை போடத் தெரிந்த ஊர் இது. இந்த ஒரு அட்டவணையைப் போடவில்லை.

மாதம் 50 ரூபாய் வீதம் ஆயிரம் பேர் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னால் மாதம் 50,000 ரூபாய். ஓர் அறை வாடகை, இரவு வண்டி, சில குடும்பங்களின் பஸ் செலவு, மாதாமாதம் அடையாறுக்கு ஆராய்ச்சிக்கென்று ஒரு தொகை, எல்லாவற்றுக்கும் போதும். புது வரிமுறையில் நன்கொடைக்குக் கழிவு கிடையாது என்று சிலர் சொல்வார்கள். 50 ரூபாய்க்குக் கழிவு எதற்கு?

மூன்று வருடத்துக்கு ஒருமுறை சம்பள ஒப்பந்தத்துக்கான கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காருகிறோம். கேன்டீனில் வாரம் எத்தனை நாள் முட்டை என்பதுவரை அதில் இருக்கும். பிள்ளைக்குப் புற்றுநோய் சிகிச்சை நடக்கும் காலத்துக்குச் சம்பளத்தோடு லீவு, சிகிச்சை முடியும்வரை வேலைக்கு உத்தரவாதம் என்ற வரியை நாம் எழுதியதில்லை. நிர்வாகம் மறுத்த கோரிக்கை அல்ல இது, நாம் வைக்காத கோரிக்கை. அடுத்த பட்டியலில் அதை மேலே, முட்டைக்கு முன்னால் எழுதுவோம். அதில் காண்ட்ராக்ட் தொழிலாளியும் வருவார் என்பதையும் சேர்த்தே எழுதுவோம்.