தெரிவுப் பட்டியல் என்னும் பிரமை

விஷயம் தெரிந்த பெரியவர்கள் கூடி ஒரு பட்டியலைத் தயாரித்துவிட்டால், அதில் இடம்பெற்றவன் யோக்கியதை உள்ளவன் என்றும், இடம்பெறாதவன் அது இல்லாதவன் என்றும், இளமையில் விழுந்த அந்தக் கோடு ஆயுள் முழுவதும் அழியாது என்றும் நம்மவர் மனத்தில் ஓர் அபிப்பிராயம் ஆழ வேரூன்றியிருக்கிறது. ஊரிலே ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளியும் நம்மைப் பிழிந்தெடுத்த காலத்தில் இந்த நம்பிக்கைக்கு ஒரு காரணமாவது இருந்தது. இடங்கள் சில, கேட்பவர் பலர், அதிலும் 1970களில் தரப்படுத்தல் வந்தபின் ஓரிரு புள்ளிகளால் ஒருவனுடைய வாழ்க்கையே திசைமாறிப் போயிற்று. அந்தக் கொடுமைக்குத் தப்பிக் கடல்கடந்து ரொறன்ரோவுக்கு வந்த நாம், அதே வெட்டுப்புள்ளியை மூட்டையிற் கட்டிக் கொண்டுவந்து ஸ்காபரோ வீட்டுக் கூடத்தில் குடிவைத்திருக்கிறோம். மேதைப் பிள்ளைகளுக்கான வகுப்புக்கு மகள் தெரிவாகவில்லை என்று கடிதம் வந்த ஒரு வீட்டில், எட்டு வயதுக் குழந்தை குற்றம் செய்தவளைப்போல் மாடிப்படியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். அன்றுமுதல் இந்த நம்பிக்கையை வெறும் அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இதை மறுக்க நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம் நம்மவர் அதிகம் பாராத ஓர் ஆட்டத்தைச் சேர்ந்தது. அமெரிக்க ஃபுட்பாலில் ‘வைட் ரிசீவர்’ என்று ஒருவர் உண்டு. ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று, எதிரணிக் காவலரை ஏமாற்றி ஓடி, தூரத்திலிருந்து எறியப்படும் பந்தை ஓட்டம் குலையாமல் ஏந்துவது அவர் தொழில். கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞர்களை அந்நாட்டின் என்.எஃப்.எல். என்னும் பெருமன்றத்தின் அணிகள் வருஷந்தோறும் முறைவைத்துத் தெரிவு செய்கின்றன, இதுவே ‘டிராஃப்ட்’. 1936இல் முதன்முறையாக நடந்த இந்த ஏற்பாட்டின் நோக்கம் மேதைகளைக் கண்டுபிடிப்பதன்று. நலிந்த அணிக்கு முதல் உரிமை கொடுத்து, ஆட்டக்காரரை முதலாளிகள் சச்சரவின்றித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வதே அதன் நோக்கம். அந்த முதல் பட்டியலின் முதற்பெயரான ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. பங்கீட்டுக்காகப் பிறந்த பட்டியலைத் தகுதியின் சாசனமாக ஏற்றுக்கொண்டது ஜனங்கள் செய்த பிழை.

2007ஆம் வருஷத்துப் பட்டியலில் 255 பெயர்கள் இருந்தன. முதற்பெயர் ஜமார்கஸ் ரசல்; மூன்று பருவங்கள் ஆடியபின் 2010இல் அவருடைய அணி அவரை விடுவித்தது, பிறகு அந்தப் பெருமன்றத்தில் அவர் ஆடவேயில்லை. பட்டியல் முழுக் குருடு என்று நான் வாதிக்க வரவில்லை. அதே பட்டியலின் இரண்டாம் பெயரான கால்வின் ஜான்சன் தலைமுறைக்கு ஒருவர் என்று சொல்லத்தக்க ரிசீவராக விளங்கினார். ஆனால் அந்த 255 பேரில் தெற்குப் புளோரிடாப் பல்கலைக்கழகத்து எஸ். ஜே. கிரீன் இல்லை. அவர் வடக்கே வந்து மொன்றியல் அணியில் சேர்ந்தார். இங்குள்ள ஆட்டம் சற்று வேறு; களம் 110 கஜம் நீளமும் 65 கஜம் அகலமும் கொண்டது, அணிக்குப் பன்னிருவர், பந்தை முன்னேற்ற வாய்ப்பு நான்கன்று, மூன்றே. அவரும் வந்த மறுநாளே பிரகாசித்துவிடவில்லை. ஒரு பருவத்தில் ஆயிரம் கஜத்தைக் கடக்க அவருக்கு 2011வரை ஆயிற்று. ஒற்றைக் கையால் பந்தைப் பறித்தெடுக்கும் அவருடைய சாமர்த்தியத்தைக் கண்டு அரங்கம் ஆர்ப்பரித்தது அதன் பிறகுதான். நாற்பது கஜத்தை எத்தனை விநாடியில் ஓடுகிறான் என்று பார்க்கும் கடிகாரத்துக்கு அந்தக் கை எப்படித் தெரியும்?

2016 பருவத்தின் தொடக்கத்தில், 31 வயதில், அவருடைய முழங்கால் தசைநார்கள் கிழிந்தன. அடுத்த வசந்தத்தில் மொன்றியல் அவரை ஒரு கீழ்ச்சுற்றுத் தெரிவுரிமையை முக்கிய ஈடாகப் பெற்றுக்கொண்டு ரொறன்ரோ ஆர்கோனாட்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. இளமையில் பட்டியல் கூறியதையே இப்போது வயதும் முழங்காலும் கூறின. அந்த ஆர்கோனாட்ஸோ முந்தைய பருவத்தில் 18 ஆட்டங்களில் ஐந்தை மட்டும் வென்ற அணி. 2017இல் கிரீன் 104 முறை பந்தை ஏந்தி 1,462 கஜம் முன்னேறினார். நவம்பர் 26 அன்று ஒட்டாவாவில் பனி கொட்டிய மைதானத்தில் கல்கரி அணியை 27–24 என்று வென்று ரொறன்ரோ கனடிய ஃபுட்பாலின் உச்சப் பரிசான கிரே கிண்ணத்தைக் கைப்பற்றியது. அன்று அவருக்குப் பந்தை எறிந்த ரிக்கி ரேயும் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதவரே. ஒரு காலத்தில் உருளைக்கிழங்குச் சிப்ஸ் பொட்டலங்களை லாரியில் ஏற்றிக் கடைகடையாக இறக்கியவர்.

“இது நூற்றில் ஒருவர் கதை, பட்டியலில் விடுபட்டவரில் பெரும்பாலோர் விடுபட்டபடியே போய்விடுகிறார்களே” என்று கேட்பவர் உண்டு. இக்கேள்வி நியாயமானது, விடுபட்டவரில் மிகப் பலர் ஒரு பருவமும் ஆடாமல் வீடு திரும்புகிறார்கள் என்பது மெய். ஆனால் அவர்கள் எவ்வாறு திரும்புகிறார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். முதற்சுற்றில் எடுக்கப்பட்டவனுக்காகப் பெரும்பணம் கொட்டிவிட்ட அணி, அவன் பந்தை நழுவவிட்டாலும் பயிற்சியாளரை மாற்றியாவது பருவத்துக்குப் பருவம் காத்திருக்கும். பட்டியலில் இல்லாதவன் ஒரு வாரம் தடுமாறினால் மறுவாரம் அவனுடைய அலமாரி காலியாகியிருக்கும். ஒருவனுக்கு வருஷங்களையும் மற்றவனுக்கு நாட்களையும் கொடுத்துவிட்டு, முன்னவன் தேறினான், பின்னவன் தேறவில்லை, ஆகவே பட்டியல் சரி என்று சொல்வது எந்த ஊர்த் தர்க்கம்? பட்டியல் தன் தீர்ப்பைத் தானே நிறைவேற்றிவிட்டு, அந்த நிறைவேற்றத்தையே சாட்சியாகவும் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்து ஆறுதல் ஒன்றும் உண்டு. விடாமுயற்சி இருந்தால் எவனும் வெல்வான் என்பது அது. அதையும் நான் ஏற்கமாட்டேன். கிரீன் தனிமுயற்சியால் மட்டும் எழுந்தவரல்லர். எல்லைக்கு இப்பால் இன்னொரு பெருமன்றம் இருந்தது. முழங்காலில் காயமுற்றவரை நம்பி ரொறன்ரோவுக்கு அழைத்த ஜிம் பாப்பும் மார்க் டிரெஸ்ட்மனும், மொன்றியலில் பொது மேலாளராகவும் பயிற்சியாளராகவும் இருந்து அவரை ஆண்டுக்கணக்கில் கண்ணாற் கண்டவர்கள். ஒருநாட் பரீட்சையின் அளவை அறியாததை அந்த நீண்ட பழக்கம் அறிந்திருந்தது. மனிதரை அறிய அதைவிட நம்பத்தக்க வழி ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபுட்பால் அறியாத நம் வீடுகளிலும் 2019 ஜூன் 13 இரவு எவரும் உறங்கவில்லை. ராப்டர்ஸ் அணி கூடைப்பந்துக் கிண்ணத்தை வென்ற அந்த ஆட்டத்தில், கடைசிக் காற்பகுதியில் மட்டும் 12 புள்ளிகள் எடுத்துத் தாங்கி நின்ற ஃபிரெட் வான்வ்லீட்டின் பெயர் 2016ஆம் வருஷத்து என்.பி.ஏ. தெரிவின் 60 பெயர்களில் இல்லை. அவருக்காகத் தெருவில் இறங்கிக் கூத்தாடிய தகப்பன்மாரே, தங்கள் பிள்ளையின் பெயர் ஒரு பட்டியலில் இல்லையென்றால் இருவாரம் அதனுடன் முகங்கொடுத்துப் பேசாமல் இருக்கிறார்கள்.

பெற்றோரே, உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடிதம் வரும்போது அதை மேசைமேல் வைத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அது எதை விரும்பிச் செய்கிறது, எங்கே தடுமாறி மீண்டும் எழுகிறது என்பதை ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஐந்து வருஷம் கூடவிருந்து பாருங்கள். அப்படிப் பார்ப்பதற்கு உங்களைவிட வாய்ப்புள்ளவர் இந்த நகரத்தில் வேறெவரும் இல்லை.