பட்டாளத்து ரிக்கார்டில் உங்கள் பெயர்

கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவரா? டிரங்குப் பெட்டியில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் பென்ஷன் உத்தரவையும் எடுத்து உங்கள் பெயர் எப்படிப் பதிந்திருக்கிறது என்று பாருங்கள், சகோதரிகளே.

கல்யாணமான புதிதில் இவர்கள் வாயால் சொன்னதை யாரோ ஒரு குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். வீட்டில் ராஜி, ஆதாரில் ராஜேஸ்வரி, ரிக்கார்டில் ராஜம்மாள்! நம் இனிஷியல் வேறு வடக்கத்தியாருக்குப் புரியாது. அவர் இருக்கும்வரை இது ஒரு பொருட்டே இல்லை. அவர் காலத்துக்குப் பின் குடும்பப் பென்ஷன் கேட்கும்போதுதான், "அந்த ராஜம்மாள் யாரம்மா?" என்பார்கள்.

பிறந்த தேதியும் முக்கியம். குடும்பப் பென்ஷன் வாங்குபவருக்கு 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. தேதி பதிவாகவில்லையென்றால் எதை வைத்துக் கொடுப்பார்கள்?

மனுவை அவரே எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் சுலபம். அவர் இருந்த படைப்பிரிவின் ரிக்கார்டு ஆபீசுக்குப் போகவேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன். ஆதார், கல்யாணச் சான்று, நோட்டரி பிரமாணப் பத்திரம், டிஸ்சார்ஜ் புத்தக நகல் இவற்றோடு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். மனு எழுத அங்கே வழி சொல்வார்கள். சர்வீஸ் நம்பர் இல்லாத காகிதம் ஒன்றுகூட அனுப்பாதீர்கள்.

"இப்ப என்ன அவசரம்?" என்பார் அவர். என் வீட்டிலும் அதே பாட்டுதான். காபியைக் கையில் கொடுத்துவிட்டுப் பேனாவையும் நீட்டுங்கள்!

திருத்திய பென்ஷன் உத்தரவு வந்ததும் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்து, ஒரு நகலை உங்கள் பீரோவில் வையுங்கள்.