ஏட்டில் ஏறாத விவாகங்கள்

குடும்ப ஆவணங்களைத் தேடித் தருவதைத் தொழிலாகவோ தொண்டாகவோ மேற்கொண்டிருக்கும் நம் வாசகர்களில் பலர், மேல்நாடுகளில் எழுதப்பட்ட வழிகாட்டி நூல்களைப் படித்துப் பழகியவர்கள். அந்நூல்கள் சொல்லும் முறையில் குற்றமில்லை. அமெரிக்க தேசத்தில் விவாகம் செய்துகொள்ள விரும்புவோர் 'கவுண்டி' என்னும் வட்டாரத்தின் எழுத்தரிடம் சென்று முதலில் அனுமதிச் சீட்டு வாங்குகிறார்கள்; சடங்கை நடத்திவைத்த பாதிரியாரோ நீதிபதியோ அச்சீட்டில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்ப, எழுத்தர் அதை ஏட்டில் ஏற்றிக்கொள்கிறார். எந்தக் கவுண்டி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இங்கிலாந்திலோ 1837 ஜூலை முதல் தேதி தொடங்கிய சிவில் பதிவு தேடுபவனுக்குத் துணை நிற்கிறது. ஆனால் இந்தச் சாஸ்திரத்தை அப்படியே கையிலெடுத்துக்கொண்டு, ஜொகூரின் லாபிஸிலோ ரெங்கத்திலோ ஒரு தோட்டத்தில் 1950-களில் மணமுடித்த தாத்தா பாட்டியின் பத்திரத்தைக் கேட்டு தேசியப் பதிவு இலாகாவின் படியேறுகிறவருக்குப் பெரும்பாலும் "அப்படியொரு பதிவு இல்லை" என்ற பதில்தான் கிடைக்கிறது. அந்தப் பதில் மெய்யானது. அதைக் கேட்டுவிட்டு, கல்யாணமே சட்டப்படி நடக்கவில்லை போலும் என்று அவர் செய்துகொள்ளும் அனுமானம்தான் பொய்யானது.

ஜொகூரில் நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி எந்த மாவட்டம் என்பதன்று. எந்த ஆண்டு என்பதே. சட்டம் 164 என்று நாம் வழங்கும் 1976-ஆம் ஆண்டின் விவாக, விவாகரத்துச் சீர்திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது 1982 மார்ச் முதல் தேதியன்று. அதற்கு முன் இந்து சமயத்தார் தம் சம்பிரதாயப்படி அக்கினி சாட்சியாகவோ, ஊர்ப் பெரியவர் தாலி எடுத்துக் கொடுக்கவோ செய்துகொண்ட விவாகம், எந்த ஏட்டிலும் ஏறாமலே செல்லுபடியாயிற்று. 1952-ஆம் ஆண்டின் சிவில் விவாகச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் கிறிஸ்தவ விவாகச் சட்டமும் பதிவுக்கு வழி வகுத்திருந்தன என்றாலும், காலை பிரட்டுக்கு எழுந்து பால் மரத்துக்குப் போய்த் திரும்பும் தொழிலாளிக்குப் பதிவதிகாரியின் மேஜைமுன் போய் நிற்க அவசியமும் தோன்றவில்லை, அவகாசமும் இருக்கவில்லை. புதிய சட்டத்தை இயற்றியோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். ஆகையினாலேயே அதன் 4-ஆவது பிரிவு, குறித்த தேதிக்கு முன் மதம், வழக்கம், சட்டம் இவற்றுள் எதன்படியேனும் முறையாக நடந்த விவாகங்களைப் பதிவு செய்யப்பட்டவையாகவே கருத வேண்டுமென்று விதிக்கிறது. ஏட்டில் ஒரு வரியும் இல்லை, ஆனால் பதிவானதாகப் பாவிக்கப்படுகிறது என்ற இந்த விசித்திரமான நிலையை உத்தியோகஸ்தர்களில் சிலரே விளங்கிக்கொள்ளத் தடுமாறும்போது, நம்மிடம் வரும் குடும்பத்தாரைக் குறைகூறுவதற்கில்லை.

1982-க்குப் பிந்திய விவாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அறிவிப்பு கொடுத்து, இருபத்தொரு நாள் காத்திருந்து, அதன்பின் பெறும் சான்றின் பேரில் ஆறு மாதத்துக்குள் மணம் முடித்து, பதிவதிகாரியின் முன்னிலையிலோ துணைப் பதிவாளராக நியமனம் பெற்றவர் இருக்கும் ஆலயத்திலோ கையொப்பமிடுகிறார்கள். தம்பதியரின் பெயர், ஐசி எண், தேதி, இடம் இவை கையிலிருந்தால் தேடுவது சுலபம். பதினாறு வயது நிரம்பிப் பதினெட்டு நிரம்பாத பெண்ணாயின் மந்திரி பெசாரின் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். அது மாநில அரசு தரும் அனுமதியாகையால், விவாகப் பதிவோடு அதற்குரிய தனிக் கடிதத்தையும் தேட வேண்டியிருக்கும். தாய்மாமனை மணந்த பெண்ணின் பதிவைக் கண்டு திகைத்து, இது விலக்கப்பட்ட உறவாயிற்றே என்று ஐயுறுவோருக்கு ஒரு சொல்: இந்து வழக்கப்படி அக்காள் தங்கை மகளை மணப்பதை அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் நிக்காஹ் இச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. அதற்கு மாநில இஸ்லாமிய சமய இலாகாவை நாட வேண்டும். கத்தோலிக்கர் விஷயத்தில், மணம் நடந்த கோயில் தெரியாவிட்டாலும் ஞானஸ்நானம் பெற்ற கோயில் தெரிந்தால் போதும். பிற்பாடு நடந்த விவாகத்தை அந்த ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தில் குறித்துவைக்கும் நியமம் அவர்களிடையே உண்டு.

நம் தொழிலின் சாமர்த்தியம் வெளிப்படுவது பதிவே இல்லாத பழைய விவாகத்தை நிரூபிக்கும்போதுதான். இங்கே அத்தாட்சி இலாகாவில் இல்லை. பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை கிடைத்தால் அதைவிட மேலான சாட்சி வேறில்லை என்பேன், ஆனால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 'சாதாரண வருஷம் தை மாதம்' என்று அச்சிட்டிருப்பதைக் கண்டதும், சாதாரண வருஷம் 1970-இல் பிறந்தது என்று பஞ்சாங்க அட்டவணையைப் பார்த்துவிட்டு 1970 ஜனவரி என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ் வருஷம் சித்திரையில் பிறக்கிறது. அந்த வருஷத்துத் தை 1971-இல் அல்லவா வருகிறது! ஓராண்டுப் பிழையென்று இதை அலட்சியம் செய்யலாகாது, முதற்குழந்தை 1970 கடைசியில் பிறந்திருந்தால் அந்த ஓராண்டு குடும்பத்தின் மானத்தையே கேள்விக்குள்ளாக்கிவிடும். பத்திரிகையில் கிழமையும் அச்சாகியிருக்குமாதலால், தேதியைக் கிழமையோடு ஒத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பத்திரிகைக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது மொய் நோட்டு. எந்தத் தோட்டத்து யார் எத்தனை வெள்ளி வைத்தார் என்ற அந்தக் கணக்கில், சட்டம் கேட்கும் சாட்சிகளின் பெயர்ப்பட்டியலே அடங்கியிருக்கிறது. அவர்களுள் இன்றும் உயிரோடிருப்பவர் ஒருவரேனும் அகப்படுவார். தேவஸ்தானத்தின் கல்யாண ரசீது, பின்புறம் ஸ்டூடியோ முத்திரையிட்ட புகைப்படம், மூத்த பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் விவரம், தோட்ட ஆபீஸில் கிராணி எழுதிவைத்த லயத்து வீட்டுப் பட்டியல் எல்லாம் இதன் பின்னர்தான். கடைசியிற் சொன்னது இப்போது அரிதாகிவிட்டது. ஸ்கூடாயிலும் மாசாயிலும் உலு திராமிலும் ரப்பர் மரம் நின்ற மண்ணில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தபோது, ஆபீஸ் புத்தகங்களைப் பத்திரப்படுத்த வேண்டுமென்ற சிந்தை எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? சிங்கப்பூர் தேசிய நூலகம் மின்வடிவில் ஏற்றியிருக்கும் பழைய தமிழ் முரசு இதழ்களையும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது. ஜொகூர்க்காரர்களின் செய்திகள் அதில் எதிர்பாராத மூலைகளில் தலைகாட்டும். பெயரைத் தேடும்போது உச்சரிப்பை நம்புங்கள், எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். முனியாண்டி ஒருவரே பிறப்புப் பத்திரத்தில் ஒரு விதமாகவும் ஐசியில் இன்னொரு விதமாகவும் ரோமன் எழுத்தில் நிற்பார். இரண்டும் ஒருவரே என்பதை நிலைநாட்ட, தகப்பன் பெயரும் தோட்டத்தின் பெயரும்தான் உதவும்.

இவ்வளவையும் திரட்டிக்கொள்ளச் சோம்பி, குறுக்குவழியில் இறங்குவோர் நம்முள்ளேயே இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வுரையை எழுத நேர்ந்தது. எழுபது வயதுத் தம்பதியரை அழைத்துப் போய், இன்றைய தேதியிட்டுப் புதிதாக ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துவைத்து, 'காரியம் முடிந்தது' என்று அனுப்பிவிடுகிறார்கள். முடிந்தது காரியமன்று. முன்னமே செல்லுபடியான விவாகத்தை இல்லையென்று தம் கையாலேயே ஒப்புக்கொண்டவர்களாகிறார்கள் அந்த முதியவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் அனைவரும் மணமாகாத பெற்றோருக்குப் பிறந்தவர்களாக ஏட்டில் நிற்கிறார்கள். பெற்றோர் பின்னர் மணந்தால் பிள்ளைகளுக்கு முறைமை கிடைக்கும் என்று 1961-ஆம் ஆண்டின் முறைமைச் சட்டம் சொல்வது உண்மையே. ஆனால் அந்த முறைமை விவாகத் தேதியிலிருந்துதான், பிறந்த நாளிலிருந்தன்று. மலேசிய அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை, மூன்றாம் பாகம், 17-ஆவது பிரிவையும் சேர்த்துப் படியுங்கள்: முறைப்படி பிறவாத பிள்ளையின் பிரஜா உரிமை விஷயத்தில் தகப்பன் என்று சொல்லியிருக்கும் இடமெல்லாம் தாய் என்றே கொள்ளப்படும். தகப்பன் பிரஜை, தாய் பிரஜையல்லாதவர் என்ற குடும்பங்கள் நம் தோட்டப்புறங்களில் எத்தனை என்பதை எண்ணிப் பார்த்தால், தேதி மாற்றிய இந்த உபகாரம் எத்தகைய அபகாரமாக முடியக்கூடும் என்பது விளங்கும்.

சரியான வழி சட்டம் 164-இன் 33-ஆவது பிரிவில் இருக்கிறது. 1982-க்கு முன் வழக்கப்படி மணந்து பதிவு செய்யாதவர்கள் எக்காலத்திலும் மனுச் செய்யலாம். பதிவதிகாரி வாய்மொழிச் சாட்சியமோ எழுத்துச் சாட்சியமோ கேட்டுத் திருப்தியடைந்தால், நடந்த விவாகத்தை நடந்தபடியே ஏட்டில் ஏற்றலாம். இருவரும் வந்தால் இருவரும், ஒருவரே வந்தால் அவர் மட்டும் கையொப்பமிட்டால் போதுமென்று அப்பிரிவு சொல்வதை, கணவரோ மனைவியோ படுக்கையிலிருக்கும் வீடுகளுக்குச் செல்லும் நம்மவர் நினைவில் வைக்க வேண்டும். பதிவு செய்ததாலோ செய்யாததாலோ மட்டும் ஒரு விவாகம் செல்லுபடியாகவும் ஆகாது, செல்லாததாகவும் ஆகாது என்று 34-ஆவது பிரிவு உரைப்பதையும் மனுவோடு எடுத்துக்காட்டுங்கள். சத்தியப் பிரமாண ஆணையர் முன் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தில், தெரிந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். தேதி நினைவில்லையென்றால் மாதத்தை எழுதலாம், மாதமும் இல்லையென்றால் அந்த ஆண்டுத் தைப்பூசத்துக்கு முன்பா பின்பா என்று எழுதலாம். வசதிக்காகக் கற்பித்த தேதி பின்னொரு நாள் சேமநிதி வாரியத்திலோ, சிற்றுடைமைப் பங்கீட்டுக்காக நில அலுவலகத்திலோ, வேறொரு பத்திரத்தோடு மோதித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 1982 மார்ச்சுக்குப் பின் கோயிலில் தாலி மட்டும் கட்டிக்கொண்டவர்களுக்கு இந்த 33-ஆவது பிரிவு துணைவராது. அவர்களை வக்கீலிடம் அனுப்புவதே நேர்மை.

ஜொகூருக்கே உரிய சிக்கல் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பாலத்துக்கு அக்கரையில் சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15-ஆம் தேதியே அமலாகிவிட்டது. ஆகவே 1970-இல் ஜொகூர் பாருவில் பதிவின்றித் தாலி கட்டியவர் சட்டப்படி கணவர். அதே மாதம் அக்கரைக் கோயிலில் பதிவின்றித் தாலி கட்டியவர் அப்படியல்லர். வாடிக்கையாளர் 'ஜொகூர் கல்யாணம்தான்' என்று சாதிக்கும்போது, தாலி கட்டிய இடம் எது, விருந்து வைத்த இடம் எது என்று பிரித்துக் கேட்காமல் மனுவில் கை வைக்காதீர்கள். இக்காலத்தில் அக்கரையில் பதிவு செய்துகொண்டு இக்கரையில் குடியேறும் மலேசியப் பிரஜைகளும், நாடு திரும்பிய ஆறு மாதத்துக்குள் அவ்விவாகத்தை இங்கே பதிய வேண்டும் என்பதை அறியாதவர்களாகவே இருக்கிறார்கள்.

ஆலய நிர்வாகத்தினருக்கும் இவ்விதழ் போய்ச் சேர்கிறதாகையால் ஒரு விண்ணப்பம். கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி தொடங்கும்போது, பழைய ஆபீஸ் அறையைக் காலி செய்வதுதான் எங்கும் முதல் வேலையாக இருக்கிறது. கரையான் அரித்த ரசீதுக் கட்டுகளையும் கல்யாணக் கணக்கு நோட்டுகளையும் லாரியில் ஏற்றும் முன், நம் வாசகர் ஒருவருக்குத் தகவல் சொல்லி அனுப்புங்கள். கைத்தொலைபேசியிலேயே பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு நோட்டுகளை உங்களிடமே திருப்பித் தர ஆட்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். 1982-க்கு முந்திய ஆண்டுகளின் நோட்டுகளை முதலில் எடுத்து வையுங்கள்.