'நல்ல தாயும்' ஆயாவின் குழந்தையும்

பெங்களூருவின் ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் சாலை, கோரமங்களா அடுக்ககங்களில் குழந்தை வளர்ப்பு இன்று பல்கலைக்கழகப் பாடம் போலப் பயிலப்படுகிறது. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் தவிர வேறெதுவும் கூடாது. இரண்டு வயதுவரை சர்க்கரையும் கைபேசித் திரையும் கூடாது. குழந்தையிடம் குரலை உயர்த்தக் கூடாது. பிளாஸ்டிக் பொம்மை கூடாது. இவற்றில் பல மருத்துவ அறிவியல் ஏற்றுக்கொண்ட ஆலோசனைகளே. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலே போதும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. சிக்கல், அந்த ஆலோசனைகளோடு ஒட்டிக்கொண்டு வரும் அனுமானங்களில் இருக்கிறது. நான்காவது மாதத்தில் புட்டிப்பாலுக்கு மாறியதாக ஒரு தாய் சொன்னால் அவருக்கு உடனே கிடைப்பது கண்டனம். கனிவான சொற்களில் பொதிந்து தரப்படும் கண்டனம். அவர் எப்போது வேலைக்குத் திரும்ப நேர்ந்தது, அலுவலகத்தில் பாலை எடுத்து வைக்க ஓர் அறை இருந்ததா, வெளிவட்டச் சாலையின் நெரிசலில் அவருடைய நாளில் எத்தனை மணி நேரம் கரைகிறது என்று எவரும் கேட்பதில்லை.

தாய்க்கு நேரம் இருக்கிறது, வீட்டில் தனியறை இருக்கிறது, பணம் இருக்கிறது, உதவிக்கு ஆள் இருக்கிறது என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு பேசத் தொடங்குகிறது இந்த உலகம். தந்தை அதில் 'உதவி செய்கிறவர்'. குழந்தையைக் குளிப்பாட்டிய தந்தைக்குப் பாராட்டு. அதே வேலையை ஒரு நாள் தவறவிட்ட தாய்க்கு விசாரணை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார். ஆண் 97 நிமிடம். அதிலும் அத்தகைய வேலையில் கைவைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர்தான். பொறியியல் பட்டம் பெற்ற தம்பதியர் வாழும் மாநகரத்திலும் இக்கணக்கு தலைகீழாகிவிடவில்லை.

தாயைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்கு நீண்ட வரலாறு உண்டு. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேலை நாடுகளின் உளவியல் வல்லுநர்கள் சிலர், குழந்தைக்கு ஆட்டிசம் ஏற்படத் தாயின் அன்பற்ற குளிர்ந்த மனமே காரணம் என்றனர். 'குளிர்பதனப் பெட்டித் தாய்' என்று அதற்கொரு பெயரும் சூட்டினர். அறிவியல் பின்னர் அக்கருத்தை முற்றாக நிராகரித்தது. அதற்குள் ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அக்குற்றச்சாட்டைச் சுமந்து முடித்திருந்தனர். இன்று அறுவை சிகிச்சையில் பிள்ளை பெற்றவரிடம், 'இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமே' என்கிறார்கள். நாட்டில் அரசு மருத்துவமனைகளில் நடக்கும் பிரசவங்களில் 14.3 சதவீதமும் தனியார் மருத்துவமனைகளில் 47.4 சதவீதமும் அறுவை சிகிச்சை என்று ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21) கூறுகிறது. அரசு மருத்துவமனை வாசலில் மும்மடங்கு பொறுமையோடு இருக்கும் பெண்கள், தனியார் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் அதை இழந்துவிடுகிறார்கள் என்று நம்புவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்தப் பேச்சுகளில் இன்னொரு பெண்ணும் இடைவிடாமல் வந்துபோகிறார். அவர் ஆயா. குழந்தையிடம் ஆங்கிலம் பேசத் தெரியாதவர். சோறூட்டும்போது கைபேசியைக் காட்டிவிடுகிறவர். சொல்லாமல் விடுப்பு எடுக்கிறவர். கேமரா வைத்துக் கண்காணிக்கப்பட வேண்டியவர். பெங்களூருவில் இவ்வேலை செய்வோரில் கன்னட, தெலுங்கு, வங்கப் பெண்களோடு தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிப் போன தமிழ்ப் பெண்களும் ஏராளம். கோரமங்களாவை ஒட்டிய ஈஜிபுராவில், நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு இருந்த இடத்தில் வாழ்ந்தவர்களின் வீடுகள் 2013 ஜனவரியில் புல்டோசர்களால் இடிக்கப்பட்டன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பிள்ளைகளோடு நடைபாதைக்கு வந்தன. அவர்களில் தமிழ் பேசும் தலித் குடும்பங்கள் மிகுதி. அக்கம்பக்கத்து வீடுகளில் பாத்திரம் துலக்கிக் குழந்தை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பலர் அவற்றைச் சேர்ந்தவர்கள்.

ஆயா வேலைக்கு வந்திருக்கும் அந்த எட்டு மணி நேரத்தில் அவருடைய குழந்தை எங்கே இருக்கிறது? குழந்தை வளர்ப்பு குறித்து இவ்வளவு பேசும் நகரம் ஒருபோதும் விவாதிக்காத கேள்வி இது. பத்து வயது அக்காள் பள்ளியை விட்டுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். அல்லது குழந்தை ஊரில் பாட்டியிடம் வளர்கிறது. அல்லது பூட்டிய வீட்டுக்குள் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பலன் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தபோது அது பெரும் முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்டது. முன்னேற்றம்தான். ஆயினும் அச்சட்டம் தொழிற்சாலைகள், தோட்டங்கள், பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் கடைகள், நிறுவனங்கள் ஆகியவற்றுக்கானதாக இருந்தது. ஒரு வீட்டில் தனியாக வேலை செய்யும் பெண் அதன் வரம்புக்குள் வந்ததில்லை. 26 வார விடுப்பு முடிந்து முதலாளியம்மா அலுவலகம் செல்ல வேண்டுமென்றால், ஒரு வார விடுப்பும் இல்லாத இன்னொரு தாய் அவ்வீட்டுக்கு வந்து சேர வேண்டும். வீட்டுப் பணியாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை 2004இலேயே அறிவித்த மாநிலம் கர்நாடகம் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அறிவிப்பை அடுக்கக வாசலுக்குள் கொண்டுசெல்ல எந்த ஆய்வாளர் வந்தார் என்பது வேறு செய்தி.

வீடுகளுக்கு வெளியே, ஆலைகளில் நிலைமை என்ன? பீனியா, பொம்மனஹள்ளி, ஓசூர் சாலை, மைசூர் சாலை ஆயத்த ஆடை ஆலைகளில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் வேலை செய்கின்றனர். மிகப் பெரும்பான்மையோர் பெண்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆவது பிரிவு, 30க்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் இருந்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. எனினும் காலை நெரிசலில் கைக்குழந்தையுடன் நின்றபடி பேருந்தில் வந்து சேர வேண்டிய பெண்ணுக்கு, ஆலைக்குள் ஓர் அறை இருப்பதால் மட்டும் பயன் விளைவதில்லை. குடியிருப்புக்கு அருகே காப்பகம் இல்லாததால், குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு மாதம் ஒருமுறை பார்த்துவரும் தாய்மார்கள் ஆடைத் தொழிலில் பலர். 2016 ஏப்ரலில் இப்பெண்கள் பல்லாயிரக்கணக்கில் பெங்களூருவின் சாலைகளை அடைத்தனர். வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாதபடி மோடி அரசு விதியை மாற்றியதே உடனடிக் காரணம். எந்தச் சங்கமும் அழைப்பு விடுக்காமலே வெடித்த போராட்டம் அது. அந்தப் பணம் அவர்களுக்கு முதுமைக்கால ஓய்வூதியமாக இருந்ததில்லை. பிள்ளையின் பள்ளிக் கட்டணமாகவும் மகளின் திருமணச் செலவாகவும் வேலை பறிபோன மாதத்தின் அரிசியாகவும் இருந்தது. இரண்டே நாளில் ஒன்றிய அரசு பின்வாங்கியது. குழந்தை வளர்ப்புக்காக அந்நகரம் கண்ட மிகப் பெரிய கிளர்ச்சி என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

மாண்டிசோரி என்ற பெயரும் இந்த நகரத்தில் பெரும் பணமாகிவிட்டது. பெயர்ப்பலகையில் அச்சொல் இருந்தால் மூன்று வயதுக் குழந்தைக்கான கட்டணம் லட்சத்தைத் தொடுவது இயல்பு. மரியா மாண்டிசோரி தம் முதல் 'குழந்தைகள் இல்லத்தை' 1907 ஜனவரியில் ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில் திறந்தார். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட, குழந்தைகள் மாடிப்படிகளில் திரிந்து சுவர்களைப் பாழாக்குகின்றன என்று கட்டட நிறுவனம் கவலைப்பட்டதால் பிறந்த இல்லம் அது. அடுக்ககத்தின் ஓர் அறையில், கூலித் தொழிலாளர் பிள்ளைகளுக்காக, வீட்டுக்கு அருகிலேயே இயங்கிய காப்பகம். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்ததும், போர்க்காலத்தில் இத்தாலியர் என்பதால் ஆங்கில அரசின் கட்டுப்பாட்டுக்கு உள்ளாகிக் கொடைக்கானலில் தங்கியதும் தமிழ் வாசகர்கள் அறிந்தவை. சான் லொரென்சோவுக்கு இணையான பகுதிகள் இன்றைய பெங்களூருவில் நூற்றுக்கணக்கில் உண்டு. அங்கேதான் மாண்டிசோரி இல்லை.

சந்தை இந்தப் பதற்றத்தை நன்றாகவே அறுவடை செய்கிறது. பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்து வாங்குவதே பொறுப்புள்ள தாய்க்கு அடையாளம் என்கிறார்கள். நெஸ்லே நிறுவனம் இந்தியாவில் விற்கும் செரிலாக்கில் ஒரு வேளை உணவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்படுவதையும், ஜெர்மனியிலும் பிரிட்டனிலும் அதே வகை உணவு சர்க்கரை சேர்க்காமல் விற்கப்படுவதையும் சுவிட்சர்லாந்தின் பப்ளிக் ஐ அமைப்பு 2024 ஏப்ரலில் அம்பலப்படுத்தியது. கண்ணாடி போட்டுக்கொண்டு பொட்டலத்தைப் படிக்கும் தாயின் விழிப்புணர்வு இதை எப்படித் தடுக்கும்? குழந்தைப் பால்மாவுக்கும் இரண்டு வயதுக்குட்பட்டோரின் உணவுக்கும் விளம்பரத்தையே தடை செய்த சட்டம் நம்மிடம் உண்டு. 1992இல் இயற்றப்பட்டு 2003இல் வலுப்படுத்தப்பட்டது. அப்படியொரு சட்டம் இருப்பதே 'நல்ல பெற்றோர்' பலருக்குத் தெரியாது. வீட்டுக்குள் தாயைக் கண்காணிக்கும் ஊக்கத்தில் கால்பங்கு நெஸ்லேயைக் கண்காணிப்பதில் காட்டப்படுவதில்லை.

தட்டில் எது இருக்கலாம் என்பதையும் இவர்களே தீர்மானிக்க விரும்புகிறார்கள். கர்நாடகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.4 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கின்றனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 65.5 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. 2021 டிசம்பரில் கல்யாண கர்நாடகப் பகுதிப் பள்ளிகளில் முட்டை வழங்கத் தொடங்கியபோது மடாதிபதிகள் சிலர் கொதித்தெழுந்தனர். தம் பிள்ளைக்கு நெய்யும் பாதாமும் ஊட்டுகிறவர்கள், அடுத்தவர் பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துவிடச் சொல்வதற்குப் பெயர் ஆன்மிகம்.

எனினும் அடுக்ககத்துத் தாயைக் கேலி செய்துவிட்டு ஓய்வது இடதுசாரிகளின் வேலையாக இருக்க முடியாது. அவரும் பெரும்பாலும் உழைப்பை விற்று வாழ்கிறவர். தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை நேரத்தை நாளொன்றுக்கு 14 மணி நேரம்வரை நீட்டிக்க வழிசெய்யும் திட்டம் 2024 ஜூலையில் கர்நாடக அரசின் முன் வைக்கப்பட்டது; ஐ.டி. ஊழியர் சங்கமான கிட்டு அதை எதிர்த்துக் களமிறங்கியது. 14 மணி நேரம் கணினி முன் இருந்துவிட்டு வருகிறவரிடம் 'தரமான நேரம் செலவிடுங்கள்' என்று சொல்வது எத்தகைய அறிவுரை? மகப்பேறு விடுப்பின் ஊதியம் முழுவதையும் தனித்தனி முதலாளியின் தலையில் சுமத்திய 2017ஆம் ஆண்டுத் திருத்தம், இளம்பெண்களை வேலைக்கே எடுக்காமல் தவிர்க்கும் சாக்காகவும் பயன்படுகிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் இருப்பதுபோல் பொது நிதியிலிருந்து அனைவருக்கும் அத்தொகை வழங்கப்பட்டால், ஆயாவுக்கும் அதில் இடமுண்டு. அவரை வேலைக்கு வைத்திருப்பவருக்கும் வேலை பறிபோகும் அச்சம் குறையும். இருவரையும் ஒரே கோரிக்கையில் நிறுத்தக்கூடிய இடம் இது. தந்தைக்கான விடுப்பைச் சட்டமாக்கக் கோருவது இன்னொன்று.

ஒன்றிய அரசு நேரெதிர்த் திசையில் செல்கிறது. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாத உதவியை உறுதி செய்தது. மோடி அரசின் மாத்ரு வந்தனா திட்டம் அதை 2017இல் முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் எனச் சுருக்கியது. தமிழ்நாட்டின் முத்துலட்சுமி ரெட்டி திட்டம் தருவது 18,000 ரூபாய். நாடு முழுவதும் ஒரு காலத்தில் 20,000க்கு மேல் இருந்த அரசு உதவிபெறும் குழந்தைக் காப்பகங்கள், நிதிப் பகிர்வு மாற்றியமைக்கப்பட்டபின் 2020க்குள் 7,000க்கும் கீழே சரிந்தன. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், காப்பகத்துக்கான வரம்பு 30 பெண்கள் என்பதிலிருந்து 50 தொழிலாளர்கள் என்று மாறிவிட்டது. பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் வாசகம், அரசு இதற்கு விதிகள் 'வகுக்கலாம்' என்பதாகும். பழைய சட்டத்தில் இருந்தது 'வேண்டும்'. 35 பெண்கள் தைக்கும் சிறிய ஆலை இனி எந்த அறையையும் ஒதுக்க வேண்டியதில்லை.

கர்நாடக அரசு ஊரக வேலைத் திட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகக் 'கூசின மனே' என்ற காப்பகங்களைக் கிராம ஊராட்சிகளில் தொடங்கியிருக்கிறது. மாநகரத்தின் ஆடைத் தொழிலாளிக்கும் வீட்டுப் பணியாளருக்கும் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை. இருப்பவை அங்கன்வாடிகள். அவை பிற்பகலிலேயே மூடிவிடும். மூன்று வயது ஆகாத குழந்தையை நாள் முழுவதும் வைத்திருப்பதில்லை. நேரத்தை நீட்டிக்கலாம் என்று அரசுகள் எளிதாகச் சொல்கின்றன. நீட்டிக்கப்பட்ட நேரத்துக்கு யார் ஊதியம் தருவது என்ற இடத்தில் பேச்சு நின்றுவிடுகிறது. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கிய நாளிலிருந்து அங்கன்வாடி ஊழியர் 'கௌரவ ஊழியர்'. 2018க்குப் பின் ஒன்றிய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். அவர்களுக்குப் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2017 மார்ச்சில், கர்நாடகத்தின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான அங்கன்வாடிப் பெண்கள் ஊதிய உயர்வு கேட்டுப் பெங்களூருவின் சுதந்திரப் பூங்கா அருகே கூடினர். நான்கு நாட்கள் அந்தச் சாலையிலேயே உண்டு, உறங்கிப் போராடினர். ஊரார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அப்பெண்களில், தம் கைக்குழந்தையை விட்டுவர இடமில்லாமல் தூக்கிக்கொண்டே வந்து தார்ச்சாலையில் துணி விரித்துப் படுக்க வைத்தவர்களும் இருந்தனர்.