காஸியின் கணக்கை மறுபடி பார்க்கலாம்

1971 போரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிக் கப்பல் விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே, தொண்ணூறுக்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. இதில் இரு நாடுகளுக்கும் தகராறு கிடையாது. எதனால் மூழ்கியது என்பதில்தான் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இழுபறி. ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய ஆழ்நீர்க் குண்டுகள் அதை முடித்தன என்பது இந்தியக் கடற்படையின் நிலைப்பாடு. தான் போட்ட கண்ணிவெடியிலேயே அது சிக்கியது, அல்லது உள்ளே இருந்த வெடிபொருள் தற்செயலாக வெடித்தது என்கிறது பாகிஸ்தான். 2017-இல் வந்த ‘காஸி’ திரைப்படமோ ராஜ்புத்தையே ஓரங்கட்டிவிட்டு, ஓர் இந்திய நீர்மூழ்கி அதை வீழ்த்தியதாகக் கதை கட்டியது. பலருக்கு இன்று அந்தக் கதைதான் வரலாறு. ராஜ்புத்தின் பெயரில் எழுதப்பட்ட இந்தக் கணக்கை இந்தியாவே முன்வந்து மறு ஆய்வுக்கு வைக்க வேண்டும். அப்படி வைப்பதால் 1971 வெற்றியில் ஒரு துளியும் குறையாது.

காஸியின் முன்கதையிலேயே இதற்கு ஒரு பாடம் கிடக்கிறது. அது அமெரிக்காவின் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்டு, 1945 மார்ச் 31-இல் ‘டயாப்லோ’ என்ற பெயரில் பணியில் சேர்ந்த கப்பல். ஜப்பானுக்கு எதிரான தன் முதல் போர் ரோந்துக்கு பேர்ல் ஹார்பரிலிருந்து ஆகஸ்ட் 10-இல் கிளம்பியது. போய்ச் சேருமுன் போரே முடிந்துவிட்டது. 1964-இல் அமெரிக்கா அதைப் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. இந்தியாவிடம் அப்போது ஒரு நீர்மூழ்கிகூட இல்லை. முதல் நீர்மூழ்கியான கல்வரி 1967 டிசம்பரில்தான் பணியில் சேர்ந்தது. 1965 போரில் காஸி இந்திய மேற்குக் கரையோரம் பதுங்கியிருந்து, ஒரு போர்க்கப்பலை நோக்கி டார்பிடோக்களை ஏவியது. வெடிச் சத்தம் கேட்டது, இலக்கு அடிபட்டது என்று அதன் மாலுமிகள் நம்பினார்கள். ஐ.என்.எஸ். பிரம்மபுத்ரா மூழ்கியதாகப் பாகிஸ்தானில் பேசப்பட்டது. காஸியின் தளபதி நியாஸிக்கு சிதாரா-இ-ஜுர்ரத் விருதும் கிடைத்தது. பிரம்மபுத்ராவோ சிறு கீறலும் இல்லாமல் மிதந்துகொண்டிருந்தது, அதை இந்தியா வெளியாருக்குக் காட்டியும் விட்டது. அந்த மாலுமிகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காதால் மட்டும் போரிடுகிறவர்களுக்கு, தண்ணீருக்குள் கேட்ட சத்தம் எதனுடையது என்று எப்படித் தெரியும்? இதே கேள்வி, மேலே நின்று குண்டு வீசுகிறவர்களுக்கும் பொருந்தும்.

1971-க்கு வருவோம். நவம்பர் 14-இல் கராச்சியிலிருந்து காஸி புறப்பட்டதன் நோக்கம் விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிப் பிடிப்பது. அவ்வளவு தொலைவு போய்ச் செயல்பட பாகிஸ்தானிடம் வேறு நீர்மூழ்கி இல்லை. விக்ராந்துக்கு அப்போது கொதிகலனில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது; நீர்மூழ்கிக்கு அதைவிட வசதியான இரை ஏது? கிழக்குக் கடற்படைப் பிராந்தியத்தின் தலைவர் வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் செய்த வேலைதான் இந்தக் கதையின் உயிர் என்று நான் சொல்வேன். நீர்மூழ்கிகளிலும் கண்ணிவாரிகளிலும் மட்டுமே பயன்படும் ஒரு மசகு எண்ணெய் பற்றிச் சிட்டகாங்குக்குப் போன தகவலை இந்தியத் தரப்பு இடைமறித்ததும், காஸி வங்கக் கடலுக்கு வருகிறது என்று அவர் ஊகித்துவிட்டார். விக்ராந்தை அந்தமான் பக்கம் அனுப்பி ஒளித்துவைத்தார். அதன் வேடத்தைப் பணிஓய்வுக்குக் காத்திருந்த, இரண்டாம் உலகப் போர்க் காலத்து நாசகாரிக் கப்பலான ராஜ்புத்துக்குக் கொடுத்தார். அது விசாகப்பட்டினத்திலிருந்து வெளியே போய், ஒரு பெரிய கப்பலிலிருந்து வருவதுபோல வானொலிச் செய்திகளை ஓயாமல் அனுப்பியது. ஊருக்குள் ஒப்பந்தக்காரர்களிடம் ஒரு விமானந்தாங்கிக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் கேட்கப்பட்டன. உளவாளிகள் காதில் விழட்டும் என்றுதான். தாயின் உடல்நலம் விசாரித்து ஒரு மாலுமி அனுப்புவதுபோலத் தனிப்பட்ட தந்தி ஒன்றும் ரகசிய விதியை மீறி அனுப்பப்பட்டது. காஸி முதலில் சென்னைக்கு வெளியே தேடியது. விக்ராந்த் அந்தப் பக்கத்தை விட்டுப் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. பிறகு விசாகப்பட்டினத்துக்கு வந்து, துறைமுக வாயிலில் கண்ணிவெடிகளைப் போடத் தொடங்கியது.

டிசம்பர் 3 இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வாயிலைத் தாண்டியதும் நீர்ப்பரப்பில் ஏதோ கலங்கியதைக் காவலில் இருந்தவர் பார்த்தார். கப்பல் திரும்பி அந்த இடத்தில் இரண்டு குண்டுகளை வீசியது. சிறிது நேரத்தில் பெரும் வெடிப்பு, கரையோர வீடுகளின் ஜன்னல்கள் உடையும் அளவுக்கு. ராஜ்புத் எதையும் காணாமல் தன் வழியே போய்விட்டது. மீனவர்கள் மிதக்கும் பொருள்களைக் கண்டெடுத்த பிறகு, முக்குளிப்பவர்கள் இறங்கி அது காஸிதான் என்று உறுதிசெய்தார்கள். அரசு அறிவிப்பு டிசம்பர் 9-இல்தான் வந்தது. இடையில் டிசம்பர் 4-ஆம் தேதியே விக்ராந்தின் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கியிருந்தன.

குண்டுக்கும் வெடிப்புக்கும் நடுவே தொடர்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிதைவின் முன்பகுதி உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பிளந்திருந்தது என்பது கண்ணிவெடியோ டார்பிடோவோ உள்ளே வெடித்ததையே சுட்டுகிறது. ஆனால் அருகில் விழுந்த குண்டின் அதிர்வும் அதைத் தூண்டியிருக்க முடியும் என்பதை மறுப்பதற்கில்லை. ராணுவத்தின் கிழக்குப் பிராந்திய தலைமை அலுவலராக இருந்த ஜெனரல் ஜேக்கப், சிதைவுகள் கிடைத்ததாக கிருஷ்ணன் தனக்குத் தொலைபேசியில் சொன்னது டிசம்பர் 3 காலையில் என்று எழுதினார். அவர் நினைவு சரியென்றால் ராஜ்புத் குண்டு வீசுவதற்கு முன்பே காஸி போய்விட்டது. தேதி குழம்பியிருக்கலாம் என்பதும் நியாயமே. போர்க்கால நினைவுகள் அப்படித்தான். இதைத் தீர்க்க உதவும் கடற்படைக் கோப்புகளே அழிக்கப்பட்டுவிட்டதாக 2010-இல் செய்தி வந்ததுதான் வருத்தம். வெற்றி பெற்ற தரப்பு தன் ஆவணங்களைத் தானே இழப்பதற்கு எந்த எதிரியின் சதியும் தேவைப்படவில்லை.

மற்ற கடற்படைகள் இந்தச் சங்கடத்தை எப்படிக் கையாண்டன? இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க நீர்மூழ்கிகள் சுமார் 4,000 ஜப்பானியக் கப்பல்களை, ஒரு கோடி டன் அளவுக்கு மூழ்கடித்ததாகக் கணக்குச் சொன்னார்கள். போருக்குப் பின் ராணுவமும் கடற்படையும் கூட்டாக அமைத்த மதிப்பீட்டுக் குழு ஜப்பானிய ஆவணங்களோடு ஒப்பிட்டு 1947-இல் வெளியிட்ட எண்ணிக்கை ஏறத்தாழ 1,300 கப்பல்கள், 53 லட்சம் டன். பல புகழ்பெற்ற தளபதிகளின் கணக்கு பாதியாகக் கரைந்தது. அதனால் அமெரிக்க நீர்மூழ்கிப் படையின் மரியாதை குறைந்ததாகத் தெரியவில்லை. ‘டாங்’ நீர்மூழ்கி 1944 அக்டோபரில் ஃபார்மோசா நீரிணையில் தான் ஏவிய கடைசி டார்பிடோ வட்டமடித்துத் திரும்பி வந்து தாக்கியதால் மூழ்கியது. அதில் 78 பேர் மாண்டார்கள். இதை மறைக்காமல் பதிவுசெய்த அதே நாடு அதன் தளபதி ஓ’கேனுக்குத் தன் உயரிய வீரப் பதக்கத்தை அளித்தது. ஜெர்மனியின் யு-869 மொராக்கோவுக்கு அருகே மூழ்கடிக்கப்பட்டதாக ஆவணங்களில் இருந்தது. 1991-இல் நியூ ஜெர்சிக்கு வெளியே முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்த சிதைவு அதுதான் என்று பின்னர் உறுதியானதும் ஆவணம் திருத்தப்பட்டது.

நம்மிடம் வரக்கூடிய முதல் எதிர்ப்பு, ராஜ்புத்தின் மாலுமிகள் பெற்ற பாராட்டையும் விருதையும் பறிப்பதா என்பது. யாரும் பறிக்கச் சொல்லவில்லை. எதிரி நீர்மூழ்கி வாயிலில் நிற்கலாம் என்று தெரிந்தும் ஒரு பழைய கப்பலை அவர்கள் இருட்டில் வெளியே ஓட்டிச் சென்றார்கள். அந்தத் துணிவு, குண்டு எங்கே விழுந்தது என்பதைப் பொறுத்ததல்ல. பாகிஸ்தானின் கதைக்கு வலுச் சேர்க்கிறோம் என்ற கவலை இதைவிடக் கனமானது. ஆனால் பாகிஸ்தான் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும் அதில் அவர்களுக்கு என்ன ஆறுதல்? விக்ராந்த் இல்லாத துறைமுகத்துக்கு முன்னால், இல்லாத இரைக்குக் கண்ணி வைத்துக்கொண்டிருந்தபோது அவர்கள் கப்பல் அழிந்தது. கிருஷ்ணனின் வலை அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. ராஜ்புத்தின் குண்டு தாக்கியது என்பதைவிட இது வலுவான இந்திய வெற்றி. மேலும் இது சான்றுகளால் நிற்கிறது. மற்றது நம்பிக்கையால் நிற்கிறது.

சிதைவு ஒரு கல்லறை, அதைக் கலைக்கக் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு உண்டு. 2024 பிப்ரவரியில் இந்தியக் கடற்படையின் ஆழ்நீர் மீட்பு வாகனம் காஸியின் சிதைவை அடையாளம் கண்டபோதும், இறந்தவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடவில்லை என்றார்கள். சரியான முடிவு. ஆனால் உள்ளே நுழையாமலும் எதையும் எடுக்காமலும், வெளிப்புறத் தகடுகள் எந்தப் பக்கம் மடிந்திருக்கின்றன, உடைவு எந்த இடத்தில் தொடங்கியிருக்கிறது என்பதைக் கேமராவால் பதிவுசெய்ய முடியும். அந்தப் படங்களோடு, மிஞ்சியிருக்கும் பதிவேடுகளையும் 1971-இல் இறங்கிய முக்குளிப்பவர்களின் அறிக்கைகளையும் கடற்படைக்கு வெளியே உள்ள வரலாற்றாசிரியர்களும் வெடிபொருள் நிபுணர்களும் அடங்கிய சிறு குழு பார்க்கட்டும். காஸி எத்தனை கண்ணிகளோடு கிளம்பியது என்ற கணக்கை பாகிஸ்தானிடம் கேட்கலாம். கொடுத்தால் நல்லது, மறுத்தால் மறுத்ததையும் அறிக்கையில் சேர்க்கலாம்.